தொண்டைக்குள் கேமரா: பயம் வலிக்கா, ஓங்கரிப்புக்கா?

பிப்ரவரி 9, இரவு 11.20

மூன்று நாள் கழித்து எனக்குத் தொண்டைப் பரிசோதனை. போன வாரம் டாக்டர் சின்னக் கண்ணாடியை நாக்குக்குப் பின்னால் கொண்டுபோனதும் ஓங்கரித்துக்கொண்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். “சரி, ஸ்கோப் விட்டுப் பார்த்துவிடுவோம்” என்றார். ஸ்கோப் என்றால் முனையில் கேமரா வைத்த மெல்லிய குழாய். ஏதோ ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கிற மாதிரிச் சொன்னார். அன்றிலிருந்து எச்சில் விழுங்குவதே எனக்கு ஒரு வேலையாகிவிட்டது.

பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். நாள் முழுக்கக் குளத்தங்கரையில் நின்று கத்துகிற தொழில். ஏழு வாரமாகக் குரல் கரகரவென்று இருக்கிறது.

என் கட்சி இதுதான்: இந்தப் பரிசோதனைக்குப் பயப்படுகிற யாரும் வலிக்குப் பயப்படுவதில்லை, ஓங்கரிப்புக்குத்தான் பயப்படுகிறார்கள். ஊசி என்றால் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். தொண்டையை நீட்டிவிட்டு எங்கே திரும்புவது?

செய்துகொண்டவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? “ஒன்றும் ஆகாது, தைரியமாக இருங்கள்” மட்டும் வேண்டாம். அதை வீட்டிலேயே நாளுக்கு நான்கு தடவை கேட்கிறேன்.

பிப்ரவரி 9, இரவு 11.55

எழுத விட்டுப்போனது: வயது 46. நான்கு வருடம் முன்புவரை சிகரெட் பிடித்தேன். கேள்விக்கு இது சம்பந்தமில்லை, சும்மா சொல்லிவைக்கிறேன்.

பிப்ரவரி 10, காலை 7.10

ஓங்கரிப்பு அடங்க பல் தேய்க்கும் பிரஷ் வைத்துப் பழகச் சொன்னவருக்கு: செய்தேன். பிரஷ்ஷின் பின்பக்கத்தை நாக்கின் மேல் வைத்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்த்த வேண்டும் என்கிறீர்கள். எனக்கு இருப்பதே இரண்டு நாள் என்பதால் மொத்தப் பாடத்தையும் இன்று காலையே முடித்துவிடப் பார்த்தேன். மூன்றாவது முயற்சியில் கண்ணிலும் தண்ணீர், மூக்கிலும் தண்ணீர். மனைவி கதவைத் தட்டி “என்னங்க, உள்ளே என்ன பண்றீங்க?” என்றாள். அதற்குப் பதில் சொல்லக்கூட முடியவில்லை.

பிப்ரவரி 10, இரவு 9.30

மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கேட்டேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

குழாய் வாய் வழியாக வராதாம், மூக்கு வழியாகவாம். வாசலில் விடிய விடியக் காவல் இருந்தேன், அவர் கொல்லைப்புறமாக வரப்போகிறார். காலையில் பிரஷ்ஷோடு மல்லுக்கு நின்றதெல்லாம் வீண்.

அப்புறம் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். ஓங்கரிப்பைக் கிளப்பிவிடுகிற இடங்கள் நாக்கின் அடிப்பகுதி, உள்நாக்கின் இரண்டு பக்கம், தொண்டையின் பின்சுவர். கண்ணாடியோ நாக்கை அமுக்கும் தட்டைக் குச்சியோ நேராக அங்கேதான் போய் இடிக்கும். மூக்கு வழியாக வருகிற குழாய் மேலண்ணத்துக்குப் பின்னால் இறங்கி, நாக்கின் வேரைத் தொடாமல் உயரத்திலேயே நின்றுகொண்டு குரல்வளையைப் பார்க்கும். கிணற்றுக்குள் இறங்காமல் விளிம்பில் நின்று தண்ணீர் கிடக்கிறதா என்று பார்ப்பது போல. ஓங்கரிப்பே வராது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கண்ணாடியைவிட இது நல்லது என்றுதான் செய்துகொண்டவர்கள் சொல்கிறார்கள்.

தடிமன் 3 முதல் 4 மில்லிமீட்டர். நம்பாமல் ஸ்கேலை எடுத்து வீட்டில் கிடந்ததையெல்லாம் அளந்தேன். போன் சார்ஜர் வயர் கிட்டத்தட்ட அந்த அளவு. (அந்த வயரை மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தது தேவையில்லாத வேலை.)

பட்டினியாக வர வேண்டுமா என்றும் கேட்டேன். மயக்க மருந்து கிடையாது, மரத்துப்போக வைக்கும் ஸ்பிரே மட்டும்தான், அதனால் பட்டினி வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மட்டும் வராதீர்கள் என்றார்கள். எல்லா இடத்திலும் இதே விதி என்று எடுத்துக்கொள்ளாமல் நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், அடிக்கடி மூக்கில் ரத்தம் வருபவர்கள், பல் பிடுங்கும்போது போடும் மரப்பு ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமாம்.

நேற்றுவரை ஓங்கரிப்புக்குப் பயந்தவன், இப்போது தும்மலுக்குப் பயப்படுகிறேன். உள்ளே குழாய் இருக்கும்போது தும்மினால்?

பிப்ரவரி 11, இரவு 10.15

“தும்மல் வந்தால் டாக்டர் குழாயை வெளியே இழுத்துவிடுவார், அவ்வளவுதான்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த ஒரு வரிப் பதிலுக்கு நான் ஒரு ராத்திரித் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறேன்.

ஓங்கரிப்பைவிட மயங்கி விழுவதுதான் எனக்குப் பயம் என்று எழுதியவருக்கு: உங்கள் பயமும் என் பயமும் பங்காளிகள். தொண்டையில் ஏதோ பட்டது என்ற சேதியை மூளைக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் ஒன்பதாம் மூளை நரம்பு. “தள்ளு வெளியே” என்று தொண்டைத் தசைகளை இயக்குவது பத்தாம் நரம்பு. அதே பத்தாம் நரம்புதான் இதயத் துடிப்பையும் குறைக்கிறது. பயத்தில் அது அளவுக்கு மீறி வேலை செய்தால் துடிப்பு குறைந்து, ரத்த அழுத்தமும் இறங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும்.

ஊசி, ரத்தம் பார்த்து மயங்குபவர்களுக்காக லார்ஸ்-யோரான் ஓஸ்ட் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் ஒரு பயிற்சியைக் கொண்டுவந்தார். கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 நொடி இறுக்கிப் பிடிக்க வேண்டும், முகம் சூடாவது தெரியும். பிறகு 20, 30 நொடி விட்டுவிட வேண்டும். இப்படி ஐந்து தடவை. இதனால் இறங்கும் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுகிறது. பயந்தவனிடம் எல்லாரும் “உடம்பைத் தளர்த்து” என்பார்கள். மயங்குகிற ரகத்துக்கு அது தலைகீழ் வைத்தியம். என்னைப் போல இறுகிப்போய் ஓங்கரிக்கிற ரகத்துக்குத்தான் தளர்த்துவது சரி. நீங்கள் எந்த ரகம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

தூக்கம் வராததால் இன்னொன்றும் படித்தேன். உயிரோடு இருக்கும் ஒருவரின் குரல்நாண் வேலை செய்வதைக் கண்ணாடி வைத்து ஒழுங்காகப் பார்த்துப் பதிவு செய்தவர் டாக்டர் இல்லை, பாட்டு வாத்தியார். மனுவேல் கார்சியா, ஸ்பெயின்காரர். 1854-ல் பல் டாக்டரின் கண்ணாடி ஒன்றைத் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பி, தன் குரல்நாணைத் தானே பார்த்தார். அடுத்த வருடம் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைக் கட்டுரையாகக் கொடுத்தார். 1906-ல் சாகும்போது வயது 101.

அப்போது மரத்துப்போக வைக்கும் மருந்து எதுவும் கிடையாது. கண்ணை மரக்க வைக்கலாம் என்று கார்ல் கொல்லர் என்ற கண் டாக்டர் காட்டியதே 1884-ல்தான், தொண்டைக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. ஆக, முப்பது வருடம் எல்லாரும் வெறும் தொண்டையோடுதான் கண்ணாடியைத் தாங்கியிருக்கிறார்கள். பிரஷ்ஷிடம் தோற்றவன் இதைப் படித்திருக்கவே கூடாது.

பிப்ரவரி 12, அதிகாலை 3.05

முதல் நாள் எழுதியது பொய். முழுப் பொய் இல்லை, பாதி.

காரணம் தெரியாத கரகரப்பு மூன்று, நான்கு வாரத்தைத் தாண்டினால் குரல்வளையைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது எனக்கு நான்காவது வாரமே தெரியும். சிகரெட் பிடித்தவர்கள் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது என்பதும் தெரியும். இரண்டு தடவை டாக்டரிடம் நேரம் வாங்கிக்கொண்டு போகவில்லை. ஒரு தடவை ஜலதோஷம் என்றேன். இன்னொரு தடவைக்குக் காரணம்கூடச் சொல்லவில்லை.

குழாய்க்குப் பயம் என்றால் வெளியே சொல்லலாம். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரிக்கலாம். அந்தக் குழாய் உள்ளே எதைப் பார்த்துவிடுமோ என்ற பயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? சிகரெட்டைப் பற்றி “சம்பந்தமில்லை” என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். சம்பந்தமில்லாததை யாராவது நடுராத்திரியில் தனியாக ஒரு பதிவாகப் போடுவார்களா?

காலை 10 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போகிறேன்.

பிப்ரவரி 12, பகல் 11.10

முடிந்தது. தொண்டை மரக்கட்டை மாதிரி இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குத் தண்ணீர்கூடக் கூடாதாம். ராத்திரி எழுதுகிறேன்.

பிப்ரவரி 12, இரவு 8.30

வரிசையாகச் சொல்கிறேன், நாளை போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் மூக்கில் ஸ்பிரே. ஒன்று மூக்கைத் திறக்க, இன்னொன்று மரக்க வைக்க. இரண்டாவது பின்பக்கமாக வழிந்து தொண்டைக்கு வரும்போது கசக்கிறது. மாத்திரையைக் கடித்துவிட்ட கசப்பு. பிறகு வெளியே பத்து நிமிடம் உட்காரச் சொன்னார்கள்.

என்னைக் கேட்டால் அன்று மோசமானது அந்தப் பத்து நிமிடம்தான். மரத்துப்போவது என்றால் ஒன்றும் தெரியாமல் போய்விடும் என்று நினைத்திருந்தேன். தொண்டைக்கு அப்படி இல்லை. வீங்கிவிட்டது போலிருக்கிறது. எச்சில் விழுங்கினால் இறங்கியதா, அங்கேயே நிற்கிறதா என்று தெரியவில்லை. மூச்சு அடைக்கிறது என்று ஒரு நிமிடம் நிஜமாகவே நம்பிவிட்டேன். வரவேற்பில் இருந்த நர்ஸ் என் முகத்தைப் பார்த்து, “மூச்சு தாராளமாகப் போகிறது, தெரிகிற உணர்வு மட்டும்தான் போயிருக்கிறது. ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள்” என்றார். முனகினேன். மூச்சு போகாமல் முனக முடியாதே. அப்புறம்தான் உட்கார்ந்தேன். இந்த வீக்கச் சமாசாரத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால்தான் இங்கே நீட்டி எழுதுகிறேன்.

உள்ளே போனதும் டாக்டரிடம் இரண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். எனக்கு ஓங்கரிப்பு அதிகம் என்பது ஒன்று. மற்றது வாயில் வராமல் கொஞ்சம் தடுமாறி, “என்ன தெரிந்தாலும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்” என்று வந்தது. அவர் கையுறையை மாட்டிக்கொண்டே, “திரையை உங்கள் பக்கம் திருப்பிவைக்கிறேன், நீங்களும் பாருங்கள். நிறுத்த வேண்டும் என்றால் இடது கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுவேன்” என்றார்.

கை தூக்கினால் நிற்கும் என்று தெரிந்த பிறகு கையைத் தூக்கவே தோன்றவில்லை.

குழாய் மூக்கின் நடுவே போகும்போது ஓர் அழுத்தம். குளத்தில் மூக்கில் தண்ணீர் ஏறினால் புருவத்துக்குக் கீழே ஒரு ‘சுரீர்’ வருமே, அதன் தங்கச்சி. கண்ணில் தண்ணீர் வந்தது, அது அழுகை இல்லை. மேலண்ணத்தைத் தாண்டும் இடத்தில் “மூக்கால் மூச்சு விடுங்கள்” என்றார். வாயால் மூச்சு விட்டால் மேலண்ணம் எழும்பி வழியை அடைத்துக்கொள்ளுமாம், மூக்கால் விட்டால் அது தொங்கி வழி விடும். அங்கே ஒரே ஒரு தடவை ஓங்கரிப்பு எட்டிப்பார்த்தது. மூச்சை வெளியே நீளமாக விட்டேன், போய்விட்டது.

பிறகு திரை. ஈரமான இளஞ்சிவப்புக் குகை. நடுவில் வெள்ளையாக இரண்டு பட்டை, கூரைச் சட்டங்கள் உச்சியில் சேர்ந்திருப்பது போல. மூச்சு இழுத்தால் விரிகின்றன. “ஈ சொல்லுங்கள்” என்றார். சொன்னதும் இரண்டும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டன, ஆனால் முழுதாக ஒட்டவில்லை. இரண்டிலும் ஒரே இடத்தில் எதிரெதிராக ஒரு சின்ன மேடு. முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி. அந்த மேடுகள் ஒன்றோடொன்று இடிக்க, முன்னும் பின்னும் சந்து விழுந்து காற்று ஒழுகுகிறது. கரகரப்பு அந்த ஒழுகல்தான்.

“குரல் முடிச்சு. கத்திக் கத்தி வந்த காய்ப்பு” என்றார். கையில் மண்வெட்டி பிடித்தால் காய்த்துப் போகிறதே, அது போல. பேச்சுப் பயிற்சி, அமிலம் மேலே எதுக்களிக்காமல் இருக்க மருந்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பது. “வேறு எதுவும் இல்லையே?” என்றேன். “நீங்களும்தானே பார்த்தீர்கள்” என்று படத்தை நிறுத்தி, இரண்டு நாணையும் ஓரம் ஓரமாகக் காட்டினார்.

ஒரு துப்பு: எந்தப் பக்க மூக்கு என்று கேட்டால் வலது என்று சொல்லுங்கள். அதுதான் அகலம்.

பிப்ரவரி 13, காலை 8.00

திருத்தம். நேற்று யாரோ கேட்டதற்கு, குழாய் பத்து நிமிடம் உள்ளே இருந்தது என்று சொல்லிவிட்டேன். கூட வந்த மனைவி மணியைப் பார்த்திருக்கிறாள். இரண்டு நிமிடம்கூட இல்லையாம்.

இன்னொரு திருத்தம், இது என் முட்டாள்தனம். ஒரு மணி நேரம் தண்ணீர் கூடாது என்று இங்கே எழுதிவிட்டு நாற்பதாவது நிமிடம் குடித்தேன். நன்றாகப் புரை ஏறியது. மரத்த தொண்டைக்குத் தண்ணீர் எந்தக் குழாயில் போகிறது என்று தெரியாது, மூச்சுக்குழாய்ப் பக்கம் நழுவிவிடும். அரை மணியிலேயே உணர்வு வந்துவிட்டது போலத் தோன்றும், நம்பாதீர்கள். சூடாக எதையாவது குடித்து வெந்துபோனால் அதுவும் அப்போது தெரியாது.

பிப்ரவரி 15, இரவு 10.40

“எனக்கு வாய் வழியாகத்தான் விட்டார்கள், பட்டினியும் கிடந்தேன், நீங்கள் தப்பாக எழுதுகிறீர்கள்” என்று கோபப்பட்டவருக்கு: உங்களுக்குச் செய்தது இரைப்பைக்குள் பார்க்கும் எண்டோஸ்கோப்பி. அது உணவுக்குழாய் வழியாக வயிறு வரைக்கும் போகும். குழாய் கிட்டத்தட்ட 9, 10 மில்லிமீட்டர். வயிறு காலியாக இருக்க வேண்டும், தூக்க மருந்தும் கொடுப்பது உண்டு. எனக்குச் செய்தது குரல்வளையோடு திரும்பிவிடுகிற சமாசாரம். இரண்டையும் “தொண்டையில் கேமரா” என்று ஒரே பேரில் சொல்வதால்தான் இவ்வளவு குழப்பம். தலைப்பு வைத்தவன் நானே, என்னைத்தான் திட்ட வேண்டும்.

உங்கள் ரகத்துக்கும் ஒரு கதை உண்டு. 1868-ல் அடால்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மன் டாக்டர் ஒரு நேரான உலோகக் குழாயை இரைப்பை வரை விட்டுப் பார்த்தார். சாதாரண ஆளுக்கு முடிகிற காரியமா? வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுச் செய்தார்.

பிப்ரவரி 20, இரவு 9.00

கொஞ்சம் வேறு விஷயம்.

என் வகுப்பில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி, ஒரு மாதமாக முகத்தைத் தண்ணீரில் வைக்க மறுக்கிறாள். “பயப்படாதே, ஒன்றும் ஆகாது” என்று நான் நாளுக்கு நான்கு தடவை சொல்கிறேன். (ஆமாம், நான்கு தடவை. முதல் பதிவைப் பார்த்துவிட்டுச் சிரிக்காதீர்கள்.)

இன்று வேறு மாதிரிச் சொன்னேன். “நான் மூன்று எண்ணுவேன். நடுவில் நீ கையைத் தூக்கினால் நிறுத்திடுவேன்.” ஒன்று என்றதும் கையைத் தூக்கினாள். நிறுத்தினேன். நிஜமாகவே நிறுத்துகிறேனா என்று ஐந்து தடவை சோதித்தாள். ஆறாவது தடவை மூக்கு வரை தண்ணீருக்குள். முகம் இன்னும் போகவில்லை. நாளைக்குப் பார்ப்போம்.

மார்ச் 2, இரவு 9.45

பேச்சுப் பயிற்சி ஆரம்பித்துவிட்டது. முதல் நாளே திட்டு வாங்கினேன். குரலுக்கு ஓய்வு என்று இரண்டு வாரமாக வீட்டில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தேன். கிசுகிசுப்பு ஓய்வில்லையாம். பலருக்கு அப்போதும் தொண்டை இறுகித்தான் இருக்குமாம். மெதுவான சாதாரணக் குரல் போதும், இல்லையென்றால் பேசாமல் இருங்கள் என்றார்கள். மனைவிக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. குளத்தில் விசிலுக்கும் கை சைகைக்கும் மாறிவிட்டேன்.

மே 16, இரவு 8.20

இரண்டாவது பரிசோதனை முடிந்தது. பயம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன், அந்தப் பத்து நிமிட நாற்காலியைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் எது எப்போது வரும் என்று தெரிந்த கலக்கம். வீக்க உணர்வு வந்ததும் நானாகவே “ம்ம்ம்” போட்டேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

இந்தத் தடவை விட்டு விட்டு மின்னும் விளக்கோடு பார்த்தார்கள். சாதாரணமாகப் பேசும்போது ஆண் குரல்நாண் நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அதிர்கிறது, பெண்ணுக்கு இருநூறு வாக்கில். வெறும் கண்ணுக்கு அது மங்கலாகத்தான் தெரியும். விளக்கை அந்த வேகத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக மின்னவிட்டால், அலை மெதுவாக எழுந்து அடங்குவது போலத் தெரிகிறது. கரையில் நின்று பார்க்கிற தண்ணீர் மாதிரி. என் தொண்டை இவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைக்கவில்லை. மேடுகள் பாதிக்கு மேல் கரைந்துவிட்டன. சந்து இன்னும் கொஞ்சம் மிச்சம்.

மே 17, காலை 6.50

“நாளைக்கு எனக்கு, கை நடுங்குகிறது” என்று நேற்று ராத்திரி எழுதியவருக்கு: மேலே இருப்பதையெல்லாம் படிக்காதீர்கள், கார்சியா எங்கும் ஓடிவிட மாட்டார். பிப்ரவரி 12 இரவுப் பதிவு போதும். கையைத் தூக்கினால் நிறுத்துவீர்களா என்று டாக்டரிடம் முதலிலேயே கேளுங்கள். சிகரெட் உண்டென்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

அந்தப் பதிவில் மூக்கைப் பற்றிச் சொன்ன துப்பை மட்டும் விட்டுவிடுங்கள். நேற்று நானும் வலது என்றேன். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, போன தடவையே இடது வழியாகத்தான் போனோம் என்றார்.